ஹென்னிங் ரோஸ்டெக் கேட்ட ‘நீங்க’

ஜனவரியில் முதல் பயிற்சி நாள். ஹென்னிங் ரோஸ்டெக் உடை மாற்றும் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். கிறிஸ்துமஸ் வரை அவரும் எங்களோடு ஆடியவர்; அந்த அறையில் அவருக்கு ஓர் இடம் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே, ஹீட்டரை ஒட்டிய கொக்கி. அன்று அந்தப் பக்கம் அவர் போகவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

“பழைய கோச் போயிட்டாரு, இனிமே நான்தான் கோச். அது உங்களுக்கே தெரியும். தெரியாதது ஒண்ணு இருக்கு. இன்னையிலேர்ந்து இந்த மைதானத்து வேலிக்குள்ள உங்க எல்லாரையும் நான் ‘நீங்க’ன்னுதான் கூப்பிடுவேன். நீங்களும் என்னை அப்படித்தான் கூப்பிடணும்.”

யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தோம். எங்கள் கோல்கீப்பர் திலோ கான்செவிக் ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு உட்கார்ந்திருந்தார்.

“டேய், இவனுக்கு யாருடா காலையிலேயே ஊத்திக் குடுத்தது?” என்றார்.

ஹென்னிங் சிரிக்கவில்லை. “திலோ, நீங்க இன்னொரு சாக்ஸையும் போடுங்க. வெளியே காத்திருக்கோம்.”

சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

எங்கள் ஊர் வெல்லிங்ரோடவில் ஒருவர் இப்படிச் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. ‘நீங்க’விலிருந்து ‘நீ’க்கு வரலாம். வயதில் மூத்தவர் முதலில் கை நீட்ட வேண்டும். கை குலுக்கி ஒரு பீர் குடித்துவிட்டால் சாகும்வரை ‘நீ’தான். திரும்பிப் போக வழி கிடையாது. என் பெரியப்பாவும் அவருடைய பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு ஆப்பிள் மரத்துக்காகக் கோர்ட்டுக்குப் போனார்கள். நீதிபதி முன்னால் நின்றபோதும் ‘நீ’ என்றுதான் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். கொடுத்த ‘நீ’யைத் திரும்ப வாங்குவது கோர்ட்டைவிட மோசம். அதுவும் கால்பந்து மைதானத்தில். அங்கே எதிரணிக்காரன்கூட முதல் நிமிடத்திலேயே ‘நீ’ ஆகிவிடுவான்.

அதுவும் திலோவிடம்.

இருவரும் ஒரே தெருவில் பிறந்தவர்கள். ஹென்னிங்கின் அப்பா கூரைகளுக்குக் கற்பலகை வேய்பவர். இருவரும் ஆறு வயதில் எங்கள் கழகத்தில் சேர்ந்தார்கள். ஹென்னிங் டிஃபெண்டர், அவருக்குப் பின்னால் கோலில் திலோ. பதினேழு வயதில் ஒரு தொழில்முறைக் கழகத்திலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு ஹென்னிங்கை மட்டும் கூட்டிப் போனார்கள். திலோ எலக்ட்ரீஷியன் ஆனார். ஹென்னிங் இரண்டாம் பிரிவில் நான்கு பருவங்கள் ஆடினார். அப்போதெல்லாம் எங்கள் ஊர் பேக்கரியில் ரொட்டி வாங்க வரிசையில் நிற்பவர்கள் சுவரில் மாட்டியிருந்த அவர் படத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்களாம். அம்மா சொல்லியிருக்கிறாள்.

பிறகு முழங்கால் போனது. இரண்டு அறுவை சிகிச்சை. இருபத்தாறு வயதில் பெட்டியோடு வந்து இறங்கினார். நகராட்சி நீச்சல்குளத்தில் கண்காணிப்பாளர் வேலை கிடைத்தது. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குளத்தைச் சுற்றி ஓடும் பிள்ளைகளை நிறுத்துவது. சில வருடங்கள் கழித்து, முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு மறுபடியும் எங்கள் அணிக்கு ஆட வந்தார். வேகம் இல்லை. ஆனால் எங்களைச் சரியான இடத்தில் நிறுத்தத் தெரியும். மாரெனைக் கல்யாணம் செய்துகொண்டார். மகள் யெட்டே பிறந்தபோது திலோதான் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தன்று பாதிரியார் குழந்தையைத் திலோவின் கையில் கொடுத்ததும், “நனைஞ்ச பந்துன்னா கைய விட்டுடுவான், பாத்து!” என்று ஹென்னிங் சொல்ல, தேவாலயமே சிரித்ததாம்.

முப்பத்தாறு வயதில் அவருக்கு ஒரே ஆசை இருந்தது. முழுநேரக் கோச் ஆக வேண்டும். அதற்கான உயர்நிலைப் பயிற்சி வகுப்பில் இடம் கேட்டு மூன்று வருடம் காத்திருந்தார். கோடையில் தொடங்கும் வகுப்பில் இடம் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. வகுப்பு தொடங்கும்போது ஆறாம் பிரிவிலோ அதற்கு மேலோ ஓர் அணி அவர் கையில் இருக்க வேண்டும். நாங்கள் ஆறாம் பிரிவில்தான் இருந்தோம். ஆனால் கடைசிக்கு முந்தின இடத்தில். பருவம் முடியும்போதும் அங்கேயே இருந்தால் ஏழாம் பிரிவுக்கு இறங்கிவிடுவோம். அவருடைய இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். அதனால்தான் அந்த ‘நீங்க’ இன்னும் புரியவில்லை. பிழைக்க வேண்டியவர் ஏன் தன் ஆட்களையே விரோதித்துக்கொள்கிறார்?

அன்று பயிற்சி முடிந்ததும் வேலிக் கதவருகே திலோ அவரை மறித்தார்.

“ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்குக் கேக் சாப்பிட வர்றேன். அங்க நீயா, நீங்களா?”

“வீட்ல நீதான். வேலிக்கு உள்ள மட்டும்தான் இது.”

“அப்போ இந்தக் கதவுல நிக்கும்போது? ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளியே. வலது காலுக்கு நீ, இடது காலுக்கு நீங்களா?”

நாங்கள் சைக்கிள்களைப் பிடித்தபடி சிரித்தோம்.

“திலோ, கிண்டல் பண்ணாத. எனக்கு இது வேணும்.”

“வேணும்னா முழுசா எடுத்துக்கங்க, ரோஸ்டெக் அவர்களே. வீட்டுக்கும் சேர்த்து.”

சொன்னதைச் செய்தார். யெட்டேயின் பிறந்தநாளுக்குப் பரிசோடு போய், மேசையில் உட்கார்ந்து, “ரோஸ்டெக் அவர்களே, உங்க வீட்டுக் கேக் பிரமாதம், இன்னொரு துண்டு வெக்கறீங்களா?” என்றாராம். மாரென் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். பிள்ளை ஒன்றும் புரியாமல், “அப்பா, திலோ மாமா என்ன விளையாட்டு விளையாடுறாரு? எனக்கும் சொல்லுங்க” என்று கேட்டதாம்.

பிப்ரவரியில் வரிசையாகத் தோற்றோம். போன இடமெல்லாம் கேலி. பந்து எங்கள் கோல் பக்கம் வந்தாலே எதிரணி ரசிகர்கள், “கான்செவிக் அவர்களே, சிரமம் பார்க்காம பிடிச்சிடுங்க!” என்று கோரஸாகக் கத்துவார்கள். நான் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில், கோச்சுக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் உட்கார்ந்திருந்தேன். அவர் காது சிவந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு தடவைகூட வாய் தவறி ‘நீ’ வரவில்லை.

மார்ச் தொடக்கத்தில், இன்னொரு தோல்விக்குப் பிறகு, கழகத் தலைவி ஓர்ட்ரூட் கெஸ்ஸபோம் அவரைக் கழகக் கட்டடத்தில் பிடித்துக்கொண்டார். ஓர்ட்ரூட்டுக்கு வீடு காலி செய்து சாமான் ஏற்றிப் போகும் தொழில். பியானோவை மாடியேற்றும் ஆட்களை மேய்ப்பவர். குரல் அதற்கு ஏற்றபடி இருக்கும். நாங்கள் பக்கத்து மேசையில் வேகவைக்காத பன்றிக்கொத்துக்கறி தடவிய பன்னைத் தின்றுகொண்டிருந்தோம். திலோவும் இருந்தார். மெதுவாகப் பேச ஓர்ட்ரூட்டுக்குத் தெரியாது.

“ஹென்னிங், நீ நல்லவன். ஆனா இந்த நாடகத்த நிறுத்து. பசங்க உனக்காக ஓட மாட்டேங்கறாங்க.”

“எனக்காக ஓட வேணாம்.”

“பின்ன யாருக்காக? இறங்கிட்டோம்னா உன் வகுப்பும் போச்சு. குளத்தங்கரையில விசில் ஊதிக்கிட்டே கிழவனாயிடுவ.”

ஹென்னிங் சொன்னது எங்களுக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாரோ என்னவோ.

“என் முழங்கால் எப்படிப் போச்சுன்னு தெரியுமா? எங்க கோச் திடீர்னு மாறினாரு. புதுசா வந்தவன் எங்கூட ஒரே ரூம்ல தங்கி ஆடினவன். எங்க அம்மா சமையலச் சாப்பிட்டவன். கோப்பை ஆட்டத்துக்கு முந்தின நாள் எனக்கு முட்டி வீங்கிக் கிடந்துச்சு. அவன் என் கட்டில்ல வந்து உக்காந்தான். ‘ஹென்னிங், நீ எனக்காக ஆடுடா’ன்னான். எப்படி முடியாதுன்னு சொல்றது? ஊசியப் போட்டுக்கிட்டு ஆடினேன். பாதி ஆட்டத்துல அறுந்துபோச்சு. அவன் மட்டும் ‘நீங்க’ன்னு கேட்டிருந்தா, ‘மன்னிச்சிருங்க கோச், முடியாது’ன்னு சொல்லியிருப்பேன். அந்த ‘முடியாது’ன்னு சொல்றதுக்கு நடுவுல கொஞ்சம் இடைவெளி வேணும், ஓர்ட்ரூட். என் பசங்களுக்கு அத நான் குடுத்தாகணும்.”

எங்கள் மேசையில் யாரும் மெல்லவில்லை. திலோ மட்டும் எழுந்து, காலித் தட்டை எடுத்துக்கொண்டு, “நல்ல கதை, ரோஸ்டெக் அவர்களே. ஆனா உங்க கட்டில்ல வந்து உக்காந்தது நான் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு பேர் சொன்னதும் சரி என்று பட்டால் என்ன செய்வது என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிந்திய வாரம் ஒரு விஷயம் நடந்தது. எங்கள் நெட்டை டிஃபெண்டர் பெஸ்னிக், பயிற்சிக்கு முன்னால் கோச்சிடம் போய், “கோச், எனக்குத் தொடை இழுத்துக்கிச்சு. ஞாயித்துக்கிழமை என்னால ஆட முடியாதுங்க” என்றான். பெஸ்னிக் இல்லாமல் எங்களுக்குப் பின்வரிசையே கிடையாது. ஹென்னிங் தாடையைத் தடவினார்.

“சரி. சொன்னதுக்கு நன்றி” என்றார்.

அவ்வளவுதான். கெஞ்சவில்லை, முகம் சுளிக்கவில்லை. பெஸ்னிக் திரும்பி வந்து எங்களைப் பார்த்து, “என்னடா, இவ்ளோதானா?” என்றான், ஏமாந்தவன்போல. பழைய கோச்சாக இருந்தால் தோளில் கை போட்டு, ‘நீ சிங்கம்டா’ என்று சொல்லியே ஆட வைத்திருப்பார். பெஸ்னிக் பத்து நாளில் சரியாகித் திரும்பினான். அதற்குப் பிறகு நாங்கள் தோற்பது குறைந்தது. ஏன் என்று எனக்குத் திட்டவட்டமாகச் சொல்ல வரவில்லை. யாரும் வலியை மறைத்துக்கொண்டு பாதி உடம்போடு ஆடவில்லை என்பது ஒரு காரணம். மே மாதம் நாங்கள் கடைசியிலிருந்து மூன்றாவது இடத்துக்கு ஏறியிருந்தோம். இறக்கக் கோட்டுக்கு ஒரே ஒரு படி மேலே.

திலோ அபாரமாக ஆடினார். கோபத்தில் ஆடினார் என்றும் சொல்லலாம். ஒவ்வொரு பந்தைப் பிடித்ததும் கோச் பக்கம் திரும்பி, “இது உங்களுக்குத் திருப்திதானே, ரோஸ்டெக் அவர்களே?” என்பார். ஐந்து மாதமாக அவர் வாயிலிருந்து ஹென்னிங் என்ற பெயரே வரவில்லை.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில், பக்கத்து ஊர் ஓபர்ஹைனோடு. அவர்கள்தான் எங்களுக்கு நேர் கீழே இருந்தார்கள். சமன் செய்தால் போதும், நாங்கள் பிழைத்தோம். தோற்றால் அவர்கள் மேலே, நாங்கள் கீழே.

வேலியைச் சுற்றி ஊரே நின்றது. எங்கள் இரண்டாவது கோல்கீப்பர் ஏப்ரலில் மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்ததால், திலோவுக்கு மாற்று யாரும் இல்லை. அதைப் பற்றிப் பேசக்கூட யாருக்கும் பிடிக்கவில்லை. ஹென்னிங் அன்று காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று மாரென் சொன்னார். ஓர்ட்ரூட் பெஞ்சுக்குப் பின்னால் வந்து நின்று, “ஒரே ஒரு பாயிண்ட், ஹென்னிங். அப்புறம் நீ வகுப்புக்குக் கெளம்பலாம்” என்றார். ஹென்னிங் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் பாதியில் ஒரு கார்னரில் பெஸ்னிக் தலையால் முட்டிக் கோல் போட்டான். ஒன்று–பூஜ்யம். நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம்.

இடைவேளைக்குப் பிறகு ஓபர்ஹைன் எங்களைப் பிழிந்தெடுத்தது. ஒரு தாழ்வான பந்து கோலுக்கு முன்னால் சறுக்கிக்கொண்டு வந்தது. திலோ பாய்ந்து அதைக் கட்டிக்கொண்டார். அதே நொடியில் அவர்களுடைய ஃபார்வர்டின் முழங்கால் அவர் தலையில் மோதியது. அந்தச் சத்தம் பெஞ்சு வரை கேட்டது. மரக்கதவைக் குத்தினாற்போல ஒரு சத்தம்.

பந்து திலோவின் கையிலேயே இருந்தது. அவர் அசையவில்லை. பிறகு அசைந்தார். ஹென்னிங்கும் எங்கள் பிசியோ ஸ்வென்யாவும் ஓடினார்கள். நான் தண்ணீர் புட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

திலோ உட்கார்ந்திருந்தார். ஸ்வென்யா மண்டியிட்டு விரலை ஆட்டிக் காட்டினாள். அவர் கண்கள் விரலோடு போயின.

“இன்னைக்கு யாரோட ஆடுறோம்?”

“ஓபர்ஹைனோட. மாட்டுச் சாணி வாசம் வருது, தெரியலையா?”

பக்கத்தில் நின்ற ஓபர்ஹைன்காரனே சிரித்துவிட்டான்.

“ஸ்கோர்?”

“ஒண்ணு பூஜ்யம், நமக்கு. பெஸ்னிக் போட்டான்.”

எல்லாம் சரி. ஸ்வென்யா நிமிர்ந்து கோச்சைப் பார்த்துத் தலையாட்டினாள். நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டு போனார். திலோ எழுந்து, கையுறையை இறுக்கிக்கொண்டு, ஹென்னிங்கின் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

“என்னடா ஹென்னிங் இப்படி முழிக்கிற? எனக்கு ஒண்ணும் இல்லடா. நீ போ.”

பெஸ்னிக் என்னைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். ஐந்து மாதத்துக்குப் பிறகு! ஒரு நல்ல உதை விழுந்ததும் ரோஷமெல்லாம் போய்விட்டதே என்று எனக்கும் தோன்றியது. வேலியோரம் நின்றவர்களில் கேட்டவர்கள் கைதட்டவே ஆரம்பித்தார்கள்.

ஹென்னிங்கின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துப்போனது.

“நீங்க வெளியே வாங்க, திலோ” என்றார்.

“என்ன நீங்க? யாரு நீங்க?” திலோ சிரித்தார். “டேய், வெளையாடாத.”

“ஸ்வென்யா, இவர வெளியே கூட்டிட்டுப் போங்க. நடுவரே, மாற்றம்.”

ஸ்வென்யா தடுமாறினாள். “கோச், அவரு எல்லாத்துக்கும் சரியா பதில் சொல்லிட்டாரு. கண்ணும் நல்லாத்தான் இருக்கு.”

“இவரு என்னை ‘நீ’ன்னு கூப்பிட்டாரு” என்றார் ஹென்னிங் தாழ்ந்த குரலில். “ஜனவரியிலேர்ந்து கூப்பிட்டதில்ல.”

“அது நல்லதுதானே?”

“நல்லதா இருந்தா, நான் என் வாழ்க்கையில பண்ணின பெரிய முட்டாள்தனம் இதுதான். வெளியே கூட்டிட்டுப் போங்க.”

நான் இரண்டடி தள்ளி நின்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது சமாதானமா, இல்லை அடிபட்ட மூளையா? இரண்டில் எது என்று கண்டுபிடிக்க அங்கே ஒரு வழியும் இல்லை. இந்த ‘நீ’க்காகத்தான் அந்த மனிதர் ஐந்து மாதம் காத்திருந்தார். அது வந்த நிமிடத்திலேயே அதை நம்ப மறுக்கிறார். தவறாகப் போனால் நண்பனும் போவார், பிரிவும் போகும், வகுப்பும் போகும். வெளியே போன ஆட்டக்காரர் திரும்ப உள்ளே வர முடியாது.

திலோவுக்குப் புரிந்ததும் கத்தத் தொடங்கினார். “நான் உம் பொண்ணுக்கு ஞானத்தகப்பன்டா! எனக்கா இதப் பண்ற? என்னை ஆடவிடு!” வேலியோரத்தில் விசிலும் கூச்சலும். ஓர்ட்ரூட் கோட்டுவரை வந்துவிட்டார். “ஹென்னிங்! அந்தாளு நிக்கறாரு, பேசறாரு! உனக்குப் பைத்தியமா? கோல்ல யாரு நிப்பா?”

“பெஸ்னிக்” என்றார் ஹென்னிங்.

பெஸ்னிக்கின் சிரிப்பு நின்றது. “நானா? கோச், நான் பந்தைக் கையால தொட்டதே பள்ளிக்கூடத்துல கைப்பந்து ஆடும்போதுதான்.”

“உங்களுக்கு முடியலன்னா சொல்லுங்க. வேற ஆளக் கேக்கறேன்.”

பெஸ்னிக் திலோவின் கையுறைக்குக் கையை நீட்டினான். “நிக்கறேன்” என்றான்.

பின்வரிசையில் அவன் இடத்துக்குப் பெஞ்சிலிருந்து ஒருவன் இறங்கினான். திலோவை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டு வந்தோம். வழியெல்லாம் வசவு. பெஞ்சில் உட்கார வைத்ததும் சட்டென்று அடங்கிவிட்டார். கொஞ்ச நேரம் மைதானத்தைப் பார்த்தார். பிறகு ஓரக்கோட்டில் நின்ற ஹென்னிங்கைப் பார்த்தார்.

“டேய் ஹென்னிங்” என்று கூப்பிட்டார், கோபமே இல்லாமல். “நீ ஏன்டா ஜாக்கெட் போட்டுக்கிட்டு நிக்கிற? ஷூ எங்க? நீ உள்ள போலியா?”

ஹென்னிங் திரும்பினார். “எனக்கு முட்டி வலிக்குது, திலோ. இன்னைக்கு ஆடல” என்றார்.

“சரி, சரி. ஐஸ் வெச்சிக்க” என்றார் திலோ. கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடியும் கேட்டார். ஸ்வென்யா அழுதுகொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். ஓர்ட்ரூட் தன் கோட்டைக் கழற்றித் திலோவின் தோளில் போர்த்தினார்.

ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பெஸ்னிக் தன் அளவுக்கு ஒரு சுற்றுச் சிறிய கையுறையை மாட்டிக்கொண்டு கம்பங்களுக்கு நடுவில் குதித்துக்கொண்டிருந்தான். ஓபர்ஹைன்காரர்கள் எங்கிருந்தாலும் கோலை நோக்கி உதைத்தார்கள். ஒன்றைக் காலால் தடுத்தான், ஒன்றை வயிற்றால். மூன்றாவது அவன் தோளில் பட்டு உள்ளே போனது. ஒன்று–ஒன்று. அப்போதும் நாங்கள் பிழைத்துத்தான் இருந்தோம். இனி ஒன்றும் நடக்காமல் இருந்தால் போதும். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்த பிடியில் நகம் மடங்கிப்போனது. ஆம்புலன்ஸ் வந்து திலோவை ஏற்றிக்கொண்டு போனது. ஹென்னிங் அது வேலியைத் தாண்டும்வரை மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்.

ஆட்டம் முடியும் தறுவாயில் வந்தது அந்தப் பந்து. வேகமே இல்லாத பந்து. திலோ தூக்கத்தில்கூடப் பிடித்திருப்பார். பெஸ்னிக் குனிந்தான். பந்து அவன் கைகளுக்கு அடியில் புகுந்து, கால்களுக்கு நடுவே உருண்டு, கோட்டைத் தாண்டி நின்றது.

இரண்டு–ஒன்று. ஓபர்ஹைன் பிழைத்தது. நாங்கள் இறங்கினோம்.

பெஸ்னிக் எழுந்திருக்கவே இல்லை. ஹென்னிங் நடந்து போய் அவன் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார். என்ன சொன்னார் என்று பெஸ்னிக் இன்றுவரை சொல்லவில்லை.

திலோவுக்கு மூளையில் சிறிய ரத்தக் கசிவு இருந்தது. ஆபத்தைத் தாண்டிவிட்டார். அந்தத் தலையில் இன்னொரு அடி பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவரிடம் கேட்டபோது, அவர் கேட்டவர் முகத்தையே பார்த்தாராம். இனி கோலில் நிற்கக் கூடாது என்றார்கள். ஹென்னிங்குக்குப் பயிற்சி வகுப்பிலிருந்து போன் வந்தது. வருத்தம் தெரிவித்தார்கள். இடம் வேறொருவருக்குப் போனது. அடுத்த வருடம் வரிசையின் கடைசியில் சேரலாம், அதுவும் எங்கள் அணி மேலே ஏறினால். அந்தப் போன் வந்தபோது அவர் குளத்தங்கரையில் வேலையில் இருந்தார். பேசி முடித்துவிட்டு மறுபடியும் விசில் ஊதினாராம்.

ஜூனில் கழக உறுப்பினர் கூட்டம். ஒரே பேச்சு: ஹென்னிங்கை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா? ஓபர்ஹைனில் நம்மைப் பார்த்து நாய்கூடச் சிரிக்கிறது என்றார் ஒருவர். முதலில் அந்த ‘நீங்க’ இல்லாமலே இருந்திருந்தால் பிப்ரவரியில் தோற்றிருக்கவே மாட்டோம் என்றார் இன்னொருவர். அதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

அப்போது திலோ எழுந்தார். வெளிச்சம் கண்ணை உறுத்துவதால் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

“எனக்கு அந்த ஆட்டம் ஞாபகமே இல்ல. ஜனவரியிலேர்ந்து நடந்தது எல்லாம் துண்டு துண்டாத்தான் வருது. அதனால நான் அவருக்கு நன்றி சொல்லவும் முடியல, திட்டவும் முடியல. அவர எப்படிக் கூப்பிடறதுன்னுகூட இன்னும் முடிவு பண்ணல.” சிலர் சிரித்தார்கள். “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு அந்த இடத்துல நின்னிருந்தா, இங்க இருக்கறவங்கள்ல யாரு என்னை வெளியே எடுத்திருப்பீங்க? கைய தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை. ஓர்ட்ரூட்டின் கையும்தான்.

ஓட்டெடுப்பு என்ற நேரத்தில் ஓர்ட்ரூட் ஹென்னிங்கைப் பார்த்தார். “நான் ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு இவரு வழக்கம்போல ‘ரோஸ்டெக் அவர்களே’ன்னு கூப்பிட்டிருந்தா? எடுத்திருப்பியா?”

ஹென்னிங் நாற்காலியிலிருந்து எழுந்தார். ‘ஆமாம்’ என்று சொன்னால் போதும். அதைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தோம். சொல்லியிருந்தால் ஓட்டே தேவைப்பட்டிருக்காது.

“இல்ல” என்றார். “விட்டிருப்பேன். ஸ்வென்யா தலையாட்டினா. நடுவர் ரெடி. எனக்கு அந்த ஒரு பாயிண்ட் அவ்ளோ வேணும். ஆடவிட்டிருப்பேன்.”

திலோ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவரையே பார்த்தார்.

“அதனால, நான் இருந்தாலும் சரி, வேற யார் வந்தாலும் சரி, அந்த முடிவு இனிமே கோச் கையில இருக்கக் கூடாது. ஆட்டக்காரர் கையிலயும் கூடாது. ஜெயிக்கணும்னு நினைக்கற யார் கையிலயும் கூடாது. அது மட்டும் நடந்தா போதும்.”

ஹென்னிங் நீடித்தார். ஒரே ஒரு கை அதிகம். சிலர் அன்றோடு கழகத்தை விட்டுப் போனார்கள்.

ஆனால் ஜெயிக்க வேண்டும் என்று நினைக்காத ஆளுக்கு வெல்லிங்ரோடவில் எங்கே போவது? கடைசியில் நீச்சல்குளத்தில் ஹென்னிங்கோடு வேலை பார்க்கும் குண்டுலா அம்மையாரைக் கூட்டி வந்தார்கள். முதலுதவியில் கெட்டிக்காரர். கால்பந்து என்றால் வெறுப்பு. முதல் ஆட்டத்துக்கு வந்து, குறுக்கெழுத்துப் புதிரோடு நாற்காலியில் உட்கார்ந்து, “இதுல நம்ம ஆளுங்க எந்தக் கலர்?” என்று கேட்டார்.

ஏழாம் பிரிவில் எங்கள் நான்காவது ஆட்டத்தன்று நடந்தது இது. மேலே ஏற வேண்டுமானால் ஒன்றையும் விடக் கூடாத நிலை. எங்கள் நடு ஆட்டக்காரன் ஒருவன் எதிராளியோடு தலை மோதி விழுந்தான். உடனே எழுந்து, நான் நன்றாக இருக்கிறேன் என்று கையை ஆட்டினான். குண்டுலா பேனாவை மூடி வைத்துவிட்டு, குளத்துச் செருப்போடு புல்லில் நிதானமாக நடந்து போனார். ஹென்னிங் கோட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லை. தானே போட்ட விதி. வேலியோரத்தில் கூச்சல் ஏறியது. குண்டுலா பையனிடம் என்னவோ கேட்டார், மறுபடியும் கேட்டார், பிறகு திரும்பி எங்கள் பக்கம் பார்த்துத் தலையை இடமும் வலமும் அசைத்தார்.

ஹென்னிங் கண்ணை மூடித் திறந்தார். மாற்று எண் பலகையைத் தூக்கிப் பிடித்தார்.